ரூட் செய்த கைப்பேசிக்கு சிஸ்டம் அப்டேட் வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரூட் செய்த, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் பயனருக்குத் திறந்துவிட்ட, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சிஸ்டம் அப்டேட்டை எப்படி நிறுவுவது, நிறுவிய பிறகும் ரூட் அனுமதியை எப்படித் தக்கவைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் பழைய கைப்பேசியை ரூட் செய்திருந்த காலத்திலும் அப்டேட் தடையில்லாமல் நிறுவப்பட்டது. இப்போது வைத்திருக்கும் கைப்பேசியை மேஜிஸ்க் என்ற கருவி மூலம் ரூட் செய்திருக்கிறேன். அப்டேட் முழுவதும் பதிவிறங்குகிறது. நிறுவும் கட்டத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: இடைப்பட்ட ஆண்டுகளில் அப்டேட் தயாரிக்கப்படும் முறையே மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு 4.4 வரையில், இணையம் வழியாக வரும் ஓடிஏ அப்டேட் ஒவ்வொரு கோப்பாக எடுத்துத்தான் வேலை செய்தது. தான் திருத்த வேண்டிய கோப்பு அசல் வடிவில் இருக்கிறதா என்று பார்க்கும், திருத்தும், அடுத்ததற்குப் போகும். சிஸ்டம் பகுதிக்குள் ரூட்டுக்கான ‘எஸ்யூ’ கோப்பு கூடுதலாக இருந்தால் அதை அந்த அப்டேட் பொருட்படுத்தாது. அதிகபட்சம் அந்தக் கோப்பின் அனுமதிகளை மாற்றி அதைச் செயலிழக்கச் செய்யும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து அப்டேட் என்பது கோப்புகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பார்ட்டிஷன் (சேமிப்பகத்தின் தனிப் பிரிவு) முழுவதையும் சிறு துண்டுகளான பிளாக்குகளின் வரிசையாகப் பார்த்து, பழைய வரிசைக்கும் புதிய வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதத் தொடங்கியது. அந்த வித்தியாசம் பொருந்த வேண்டுமானால் பழைய வரிசை ஒரு பிட் பிசகாமல் அசலாக இருந்தாக வேண்டும். எந்தக் கோப்பையும் தொடாமல், சிஸ்டம் பகுதியை ஒரே ஒரு முறை எழுதும் நிலையில் மவுண்ட் செய்தால்கூட (இணைத்துத் திறந்தால்கூட) ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையின் சூப்பர்பிளாக் என்ற குறிப்புப் பகுதியில் மவுண்ட் எண்ணிக்கை மாறிவிடும். அப்டேட் மறுக்கப்படுவதற்கு அது ஒன்றே போதும்.

இந்தச் சிக்கலைக் குறைப்பது சிஸ்டம் பகுதியைத் தொடாமல் ரூட் செய்யும் முறை. ஜான் வூ 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க் அந்த வழியை நிலைநிறுத்தியது. கைப்பேசி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் ‘இனிட்’ என்ற நிரல், கைப்பேசியை எழுப்பும் கோப்பான பூட் இமேஜுக்குள் இருக்கும் ராம்டிஸ்க் என்ற தற்காலிகக் கோப்புத் தொகுப்பில் அமைந்திருக்கிறது. மேஜிஸ்க் அந்த இடத்தில் தன்னுடைய இனிட்டை வைத்து, முதலில் தான் ஓடி, ரூட்டுக்கு வேண்டிய ஏற்பாடுகளை நினைவகத்தில் செய்துவிட்டு, பிறகு அசல் இனிட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஆகவே உங்கள் கைப்பேசியில் அசலிலிருந்து வேறுபட்டிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சிறிய பார்ட்டிஷன்தான். ஆனால் அந்தப் பார்ட்டிஷனையும் அப்டேட் சரிபார்க்கிறது. நீங்கள் காணும் பிழை அங்கிருந்துதான் வருகிறது. அதை அசல் நிலைக்குத் திருப்பிவிட்டால் அப்டேட் நிறுவப்படும். அடுத்த கேள்விக்கான பதிலில் அந்த முறை இருக்கிறது.

கேள்வி: கணினி இல்லாமல், கைப்பேசியிலேயே அப்டேட் செய்து ரூட்டையும் தக்கவைக்க முடியும் என்கிறார்கள். எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முடியும். உங்கள் கைப்பேசியில் ஏ, பி என்று இரண்டு ஸ்லாட்டுகள், அதாவது இயங்குதளத்துக்கான இரண்டு இடங்கள், இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. 2016-இல் ஆண்ட்ராய்டு 7.0-உடனும் முதல் பிக்சலுடனும் வந்த இந்த ஏற்பாடு, அண்மை ஆண்டுகளில் வெளிவந்த பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. நீங்கள் ஏ ஸ்லாட்டில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் பின்னணியில் பி ஸ்லாட்டுக்கு எழுதப்படும். ரீஸ்டார்ட் செய்யும்போது கைப்பேசி பி-யில் எழும். ரூட்டைத் தக்கவைக்கும் வழி முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது: புதிய இயங்குதளம் பி-யில் எழுதப்பட்டாயிற்று, ஆனால் நீங்கள் இன்னும் ஏ-யில் ரூட் அதிகாரத்தோடு இருக்கிறீர்கள்.

முதல் வேலையாக டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, தானாக நடக்கும் சிஸ்டம் அப்டேட்டை நிறுத்திவையுங்கள். இரவில் கைப்பேசி தானே ரீஸ்டார்ட் ஆகி அப்டேட்டை முடித்துக்கொண்டால் வரிசை குலைந்துவிடும். அடுத்து மேஜிஸ்க் செயலி புதிய பதிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு இது பெரும்பாலும் பொருட்டில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 15-க்குப் போவது போன்ற பெரிய மாற்றத்தின்போது, புதிய ஆண்ட்ராய்டை அறியாத பழைய மேஜிஸ்க்கைப் பதித்தால் கைப்பேசி எழாமல் போகக்கூடும். முக்கியமான தரவுகளைக் கைப்பேசிக்கு வெளியே நகலெடுத்து வைப்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

இனி மேஜிஸ்க் செயலியில் ‘அன்இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்தி, வரும் இரண்டு வாய்ப்புகளில் ‘ரீஸ்டோர் இமேஜஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழுமையாக நீக்கும் வாய்ப்பை அழுத்திவிடக் கூடாது. முதன்முதலில் ரூட் செய்தபோது மேஜிஸ்க் எடுத்துவைத்த அசல் இமேஜ் இப்போது ஏ ஸ்லாட்டில் மீண்டும் எழுதப்படும். இந்த இடத்தில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சேமிப்பகத்தில் அசல் இமேஜ் வந்துவிட்டாலும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மேஜிஸ்க் நினைவகத்தில் உயிரோடு இருப்பதால் ரூட் அதிகாரம் உங்களிடம் தொடர்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அது போய்விடும். பலரும் இந்த நுட்பத்தை அறியாமல், ‘ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அப்டேட் போடலாம்’ என்று எண்ணிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

அப்படியே செட்டிங்ஸுக்குச் சென்று அப்டேட்டைப் பதிவிறக்கி நிறுவச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார்படுத்தும் இன்னொரு கட்டமும் உண்டு. அதற்குக் கணிசமான நேரம் பிடிக்கலாம். பொறுமையாகக் காத்திருங்கள். ‘ரீஸ்டார்ட்’ பொத்தான் தோன்றியதும் அதை அழுத்தாமல் மேஜிஸ்க் செயலிக்குத் திரும்பி, ‘இன்ஸ்டால்’ பகுதியில் ‘இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேஜிஸ்க் இப்போது பி ஸ்லாட்டில் புதிதாக எழுதப்பட்டிருக்கும் பூட் இமேஜை எடுத்து, பேட்ச் செய்து (ரூட்டுக்கு ஏற்பத் திருத்தி), அதே இடத்தில் திரும்ப எழுதும். முடிந்ததும் மேஜிஸ்க் செயலிக்குள் தோன்றும் ரீபூட் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். செட்டிங்ஸில் காத்திருக்கும் பொத்தானை அல்ல. அப்டேட்டுக்குப் பின் நடக்கும் சரிபார்ப்பில் சிக்காதபடி, மேஜிஸ்க் தானே புதிய ஸ்லாட்டுக்கு மாறும்படி கைப்பேசிக்கு ஆணையிடுகிறது.

புதிய கைப்பேசிகளில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, சிஸ்டம் போன்ற பெரிய பார்ட்டிஷன்களுக்கு இரண்டு முழுப் பிரதிகள் வைக்கப்படுவதில்லை. விர்ச்சுவல் ஏ/பி எனப்படும் இந்த முறையில், மாற்றங்கள் ஸ்னாப்ஷாட்டாகச் சேமிக்கப்பட்டு, புதிய பதிப்பு வெற்றிகரமாக எழுந்த பிறகுதான் பின்னணியில் நிரந்தரமாக இணைக்கப்படுகின்றன. பூட் போன்ற சிறிய பார்ட்டிஷன்களுக்கு இன்றும் உண்மையாகவே இரண்டு பிரதிகள் இருப்பதால் மேலே சொன்ன முறை இங்கும் பொருந்தும். ஆனால் அப்டேட் முடிந்து எழுந்த உடனேயே ஸ்லாட்டை மாற்றுவது, எதையேனும் ஃப்ளாஷ் செய்வது (பார்ட்டிஷனில் நேரடியாகப் பதிப்பது), தரவை அழித்து மீட்டமைப்பது ஆகியவற்றில் இறங்காமல், இணைப்பு முடிவதற்குப் போதிய நேரம் கொடுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும், கணினியும் கேபிளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு என் விருப்பத் தேர்வு வேறொன்று. பிக்சல் கைப்பேசிகளுக்கு ஒவ்வொரு பதிப்பின் முழு ஓடிஏ கோப்பும் கூகுளால் பொதுவில் வெளியிடப்படுகிறது. வித்தியாசத்தை மட்டும் சுமக்கும் சிறிய அப்டேட்டைப் போலல்லாமல், முழு ஓடிஏ எல்லா பிளாக்குகளையும் தானே கொண்டுவருவதால், பழைய பார்ட்டிஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. ரிகவரி என்ற மீட்புத் திரைக்குச் சென்று, கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் சைடுலோட் வழியாக அதை நிறுவிவிட்டு, அதே பதிப்பின் இமேஜை மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, பார்ட்டிஷன்களில் எழுதும் கருவியான ஃபாஸ்ட்பூட்டில் பதித்தால் வேலை முடிந்தது. இடையில் தவறு நேரக்கூடிய கட்டங்கள் இதில் குறைவு, தரவும் அழிவதில்லை.

கேள்வி: ‘ரீஸ்டோர் இமேஜஸ்’ அழுத்தினால், அசல் பிரதி கைவசம் இல்லை என்ற செய்தி வருகிறது. இனி அப்டேட் செய்யவே முடியாதா?

பதில்: முடியும். மேஜிஸ்க் எடுத்துவைக்கும் அசல் பிரதி கைப்பேசியின் டேட்டா பகுதியில்தான் இருக்கிறது. வேறொரு கைப்பேசியில் பேட்ச் செய்த இமேஜைக் கொண்டுவந்து பதித்திருந்தாலோ, ரூட் செய்த பிறகு கைப்பேசியை ஒரு முறை முழுமையாக அழித்து மீட்டமைத்திருந்தாலோ அந்தப் பிரதி இருக்காது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் அசல் இமேஜை நீங்களே தேடி எடுத்துப் பதிக்க வேண்டும். இதில் பில்டு எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு பில்டுகள் வெளிவருவதும் உண்டு. எண் மாறினால் அப்டேட்டின் சரிபார்ப்பு மறுபடியும் தோற்கும் என்பதோடு, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அதன் மாட்யூல்களும் பொருந்தாமல் வைஃபையோ தொடுதிரையோ வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு. உங்கள் தயாரிப்பாளர் இமேஜ்களைத் தனித்தனியாக வெளியிடாவிட்டால், முழு ஓடிஏ தொகுப்புக்குள் ‘பேலோட்’ என்ற பெயரில் இருக்கும் பெரிய கோப்பை அதற்கான கருவியால் பிரித்து, வேண்டிய இமேஜை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த இமேஜ் வேண்டும் என்பதிலும் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13-உடன் விற்பனைக்கு வந்த கைப்பேசிகளிலிருந்து, ராம்டிஸ்க் பூட் பார்ட்டிஷனை விட்டுப் பிரிந்து ‘இனிட் பூட்’ என்ற தனிப் பார்ட்டிஷனுக்குச் சென்றுவிட்டது. பிக்சல் 7 அப்படிப்பட்டது. பிக்சல் 6 ஆண்ட்ராய்டு 13-க்கு மேம்படுத்தப்பட்டிருந்தாலும், அது பழைய அமைப்போடு வெளிவந்ததால் அதற்கு இன்றும் பூட் இமேஜ்தான். கைப்பேசி எந்த ஆண்ட்ராய்டோடு வெளிவந்தது என்பதே இங்கே கணக்கு. இப்போது எதில் ஓடுகிறது என்பது அல்ல.

அசல் இமேஜைப் பதித்து எழுப்பியதும் ரூட் போய்விடும். அப்டேட்டை வழக்கம்போல நிறுவிவிட்டு, புதிய பதிப்பின் இமேஜை பேட்ச் செய்து மறுபடி ரூட் செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு அசல் பிரதி மேஜிஸ்க்கிடம் இருக்கும். அடுத்த முறை இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: அப்டேட் முடிந்ததும் மறதியாகச் செட்டிங்ஸில் இருந்த ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டேன். ரூட் போய்விட்டது. மாட்யூல்கள், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். போனது பேட்ச் செய்த இமேஜ் மட்டுமே. மேஜிஸ்க்கில் சேர்க்கும் கூடுதல் வசதிகளான மாட்யூல்களும், எந்தச் செயலிக்கு ரூட் அனுமதி கொடுத்தீர்கள் என்ற பதிவுகளும் டேட்டா பகுதியில் அப்படியே இருக்கின்றன. புதிய பதிப்பின் அசல் இமேஜைக் கைப்பேசிக்கு மாற்றி, மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, கணினி வழியாக ஃபாஸ்ட்பூட்டில் பதித்தால் எல்லாம் முன்பிருந்த நிலையில் திரும்பிவரும். கைப்பேசியை முதலில் எழுப்பும் நிரலான பூட்லோடர் ஏற்கெனவே பூட்டு நீங்கித் திறந்திருப்பதால் தரவு அழியாது.

பூட் இமேஜை பேட்ச் செய்யும் கைப்பேசியாக இருந்தால், அதைப் பதிப்பதற்கு முன் ஃபாஸ்ட்பூட்டின் ‘பூட்’ கட்டளையால் ஒரு முறை தற்காலிகமாக எழுப்பிப் பார்ப்பது நல்லது. சரியாக எழுந்தால் மேஜிஸ்க் செயலிக்குள்ளிருந்தே நிரந்தரமாக நிறுவிக்கொள்ளலாம். எழாவிட்டால் ரீஸ்டார்ட் செய்த உடனே பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள். இனிட் பூட் கைப்பேசிகளில் இந்தச் சோதனைக்கு வழியில்லை, ஏனெனில் அந்த இமேஜில் கெர்னல் கிடையாது. சில தயாரிப்பாளர்கள் இந்தக் கட்டளையையே முடக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் வரிசையிலேயே எல்லாம் செய்தேன். ஆனால் அப்டேட்டுக்குப் பின் கைப்பேசி லோகோவோடு நின்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் இது நேர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மேஜிஸ்க்கை அல்ல, மாட்யூல்களை. சிஸ்டம் செயலிகளையோ ஃபிரேம்வொர்க் கோப்புகளையோ மாற்றிக் காட்டும் மாட்யூல், பழைய ஆண்ட்ராய்டின் கோப்பைப் புதிய ஆண்ட்ராய்டின் மேல் போர்த்துகிறது. அவை பொருந்தாதபோது சிஸ்டம் விழுகிறது. பெரிய அப்டேட்டுக்கு முன் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிட்டு, எழுந்த பிறகு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போதைக்கு, உங்கள் கைப்பேசிக்குரிய பொத்தான்களை அழுத்தி ஆண்ட்ராய்டின் சேஃப் மோடில் எழுப்ப முயலுங்கள். சேஃப் மோடைக் கண்டால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். அதன் பின் வழக்கமான முறையில் எழுப்பினாலும் அவை முடங்கியே இருக்கும். யூஎஸ்பி டீபக்கிங்கை முன்பே இயக்கி, கணினிக்கும் அனுமதி கொடுத்திருந்தால், மாட்யூல்களை நீக்கும் மேஜிஸ்க் கட்டளையை ஏடிபி ஷெல் வழியாக அனுப்புவது இன்னொரு வழி. இரண்டும் பலிக்கவில்லை என்றால், புதிய பதிப்பின் அசல் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் பதியுங்கள். மேஜிஸ்க் இல்லாத நிலையில் மாட்யூல் எதுவும் ஏறாது. கைப்பேசி எழுந்து, தரவு கையில் கிடைத்துவிடும்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்து மீட்டமைக்க வேண்டாம். அப்டேட்டுக்குப் பின் புதிய ஸ்லாட் ஒரு முறைகூட வெற்றிகரமாக எழவில்லை என்றால், சில முயற்சிகளுக்குப் பிறகு பூட்லோடரே பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிடும். அங்கே நீங்கள் மீட்டெடுத்த அசல் இமேஜோடு, ரூட் இல்லாமல், பழைய பதிப்பு காத்திருக்கும். இரண்டு ஸ்லாட் முறையின் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாம்சங். ரூட் செய்த நாளிலிருந்து அப்டேட் வருவதே இல்லை. மேலே சொன்ன முறை இதற்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. தயவுசெய்து அந்த முறையை உங்கள் கைப்பேசியில் முயல வேண்டாம். சாம்சங் கைப்பேசியில் பூட்லோடரைத் திறந்து, திருத்திய இமேஜைப் பதித்த கணத்தில் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸின் ஃப்யூஸ் எரிந்துவிடும். வன்பொருளிலேயே நிகழும் மாற்றம் என்பதால் அதைத் திருப்ப வழியில்லை. செக்யூர் ஃபோல்டர் போன்ற நாக்ஸ் சார்ந்த வசதிகள் அதன் பிறகு கிடைக்காது. வழக்கமான ஓடிஏ அப்டேட்டும் அத்தகைய கைப்பேசிக்கு வராது.

உங்களுக்குரிய முறை, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முழு ஃபர்ம்வேரை (இயங்குதளத் தொகுப்பை) பதிவிறக்கி, அதிலுள்ள ஏபி (AP) எனப்படும் பெரிய தொகுப்பை முழுவதுமாக மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, ஓடின் என்ற கணினி நிரல் வழியாக மற்ற பகுதிகளோடு சேர்த்துப் பதிப்பது. இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஃபர்ம்வேரில் சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது தரவை அழித்துவிடும், அப்டேட்டின்போது தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாவது. பேட்ச் செய்த தொகுப்பைக் கணினிக்கு எடுக்கும்போது வழக்கமான எம்டிபி கோப்புப் பரிமாற்றத்தைப் பயன்படுத்தாமல் ஏடிபி வழியாக எடுங்கள், ஏனெனில் இவ்வளவு பெரிய கோப்புகளை எம்டிபி சிதைத்துவிடுவது உண்டு. மூன்றாவதுதான் மிக முக்கியம்: பூட், ரிகவரி, விபிமெட்டா (சரிபார்ப்புத் தகவல் பகுதி) ஆகியவற்றில் எதையும் தனியாக அசல் நிலைக்குத் திருப்ப முயலாதீர்கள். அப்படிச் செய்தால் கைப்பேசி எழ மறுக்கும். தரவை இழந்து, ஓடினில் முழு ஃபர்ம்வேரையும் பதித்தால்தான் மீளும்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன? கைப்பேசி நன்றாகத்தானே ஓடுகிறது?

பதில்: இந்த யோசனையை நான் முழுமையாக மறுக்கிறேன். 2015 ஆகஸ்ட் முதல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகள் மாதந்தோறும் பொது அறிக்கையாக வெளியிடப்படுகின்றன. ஒரு குறை அறிக்கையில் இடம்பெற்ற நாளிலிருந்து, அப்டேட் செய்யாத கைப்பேசிகளில் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிடுகிறது. ரூட் செய்த கைப்பேசியில் பூட்லோடர் திறந்திருக்கிறது. ரூட் அனுமதி பெற்ற செயலி ஒன்றில் ஓட்டை இருந்தால், அதன் வழியே கைப்பேசியில் எதையும் செய்ய முடியும். மற்றவர்களைவிட நமக்குத்தான் அப்டேட் அதிகம் தேவை. ரூட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவர், அப்டேட்டுக்குப் பின் அதை மறுபடி அமைக்கும் வேலையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு அப்டேட்டையும் வந்த அன்றே நிறுவ வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பெரிய பதிப்பு மாற்றம் என்றால், மேஜிஸ்க்கும் நீங்கள் பயன்படுத்தும் மாட்யூல்களும் அதற்குத் தயாராகும் வரை சில நாட்கள் பொறுப்பது நியாயமே. பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு அந்தப் பதிப்பில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்கவும் அந்த நாட்கள் உதவும். 2022 ஆகஸ்டில் பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ ஆகியவற்றுக்கு வந்த ஆண்ட்ராய்டு 13-இல் பூட்லோடரின் பின்வாங்கல் தடுப்பு எண் உயர்த்தப்பட்டது. அதை நிறுவிய பிறகு பழைய பூட்லோடர் எழாது என்பதால், இன்னொரு ஸ்லாட்டில் பழைய பூட்லோடரை விட்டுவைத்தவர்கள் தவறி அந்த ஸ்லாட்டுக்குப் போனால் கைப்பேசி எழாமலே போகும் நிலை இருந்தது. இரண்டு ஸ்லாட்டுகளிலும் புதிய பூட்லோடர் இருக்கும்படி செய்வதே அதற்குரிய பாதுகாப்பு.

கேள்வி: ரூட் செய்ய மேஜிஸ்க்குக்குப் பதிலாகக் கெர்னல்எஸ்யூ பயன்படுத்துகிறேன். முறை வேறுபடுமா?

பதில்: கெர்னல் மாட்யூலாக ஏறும் வகையில் நிறுவியிருந்தால், அதன் செயலியிலும் இயங்காத ஸ்லாட்டில் நிறுவும் வாய்ப்பு இருக்கிறது, அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட்டுக்கு முன் அதைப் பயன்படுத்துங்கள். கெர்னலையே மாற்றியிருந்தால், அப்டேட் தன் கெர்னலை அதன் மேல் எழுதிவிடும். புதிய பதிப்புக்குப் பொருந்தும் கெர்னலைத் தேடி மறுபடி பதிக்க வேண்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினேஜ்ஓஎஸ் போட்டிருக்கிறேன். வாராவாரம் அப்டேட் வருகிறது. ஒவ்வொரு முறையும் பேட்ச் செய்ய வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. அப்டேட்டின்போது சில கூடுதல் கோப்புகளைக் காப்பாற்றி மறுபடி வைப்பதற்கென்று ‘ஆடான்.டி’ என்ற ஸ்கிரிப்ட் ஏற்பாடு அதில் இருக்கிறது. மேஜிஸ்க்கை ரிகவரி வழியாக நிறுவினால் தனக்கான ஸ்கிரிப்டை அங்கே வைத்துக்கொண்டு, அப்டேட் முடிந்ததும் புதிய இமேஜைத் தானே பேட்ச் செய்துவிடும். ரிகவரி வழி நிறுவுவதை மேஜிஸ்க்கின் ஆவணங்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றாலும், உங்களைப் போல அடிக்கடி அப்டேட் பெறுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காக அது ஏற்கத்தக்கதே.

கேள்வி: அப்டேட்டுக்கு முன் வேலை செய்துகொண்டிருந்த வங்கிச் செயலி இப்போது திறக்க மறுக்கிறது. ரூட் முன்பும் இருந்ததுதானே?

பதில்: அப்டேட்டோடு ரூட் மாறவில்லை, சரிபார்ப்பு கடுமையாகியிருக்கும். கைப்பேசி திருத்தப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பழைய ஏற்பாடான சேஃப்டிநெட்டின் இடத்தை எடுத்துக்கொண்ட பிளே இன்டெக்ரிட்டி, 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேற்பட்டதும் ஓடும் கைப்பேசிகளில் வன்பொருள் சார்ந்த சான்றையே அடிப்படையாகக் கேட்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற உண்மையைக் கைப்பேசியின் பாதுகாப்பு வன்பொருள் தன் கையொப்பத்தோடு சொல்லிவிடும். இதை மறைக்கும் வழிகள் என்று உலவுபவை இன்று பலித்தாலும் அடுத்த மாதம் பலிக்கும் என்ற உறுதி இல்லை. பணப் பரிமாற்றத்தை அவற்றை நம்பி நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வங்கிச் செயலிக்கென்று ரூட் செய்யாத ஒரு கைப்பேசியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரூட்டும் வேண்டும், பூட்லோடர் பூட்டியும் இருக்க வேண்டும். அப்டேட் முடிந்து எல்லாம் சரியாக ஓடும்போது பூட்லோடரை மறுபடி பூட்டிவிட்டால் என்ன?

பதில்: இப்போதுள்ள நிலையில் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். பூட்டிய பூட்லோடர் ஒவ்வொரு முறை எழும்போதும் பூட் இமேஜின் கையொப்பத்தைத் தயாரிப்பாளரின் சாவியோடு ஒப்பிடும். மேஜிஸ்க் பேட்ச் செய்த இமேஜ் அந்த ஒப்பீட்டில் தோற்று, சிவப்பு எச்சரிக்கையோடு கைப்பேசி நின்றுவிடும். மறுபடி திறக்கலாம் என்றால், பூட்லோடரைத் திறக்க இசைவு தரும் ஓஇஎம் அன்லாக் அனுமதி செட்டிங்ஸுக்குள் இருக்கிறது; அந்த அனுமதி அணைந்திருந்தால், எழாத கைப்பேசியில் செட்டிங்ஸுக்குள் போக முடியாது.

நீங்கள் கேட்பதற்கு முறையான வழி ஒன்று உண்டு, ஆனால் சொந்தச் சாவியை ஏற்கும் பிக்சல் போன்ற கைப்பேசிகளில் மட்டும். ஏவிபிரூட் என்ற கருவி முழு ஓடிஏ தொகுப்பை எடுத்து, அதற்குள்ளிருக்கும் இமேஜை பேட்ச் செய்து, தொகுப்பு முழுவதையும் உங்கள் சொந்தச் சாவியால் மறுபடி கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியைக் கைப்பேசியில் பதித்த பிறகு பூட்லோடரைப் பூட்டினால், எழும்போது மஞ்சள் எச்சரிக்கை காட்டும். ஆனால் உங்கள் சாவியால் கையொப்பமிடாத எதுவும் எழாது. அதன் பின் ஒவ்வொரு அப்டேட்டையும் நீங்களே பதிவிறக்கி, கையொப்பமிட்டு, சைடுலோட் செய்ய வேண்டும். தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வரும் அப்டேட்டை முழுமையாக முடக்கிவைக்க வேண்டும். ஓஇஎம் அன்லாக் அனுமதியையும் அணைக்காமல் விட்டுவையுங்கள். தொடக்கத்தில் பூட்லோடரைத் திறக்கும்போது ஒரு முறையும், பூட்டும்போது ஒரு முறையும் தரவு முழுவதும் அழியும். சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வெளியே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருங்கள்: சாவி தொலைந்தால் அடுத்த அப்டேட்டைக் கையொப்பமிட வழியில்லாமல், பூட்லோடரைத் திறந்து தரவை இழந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.